தெருவில் காவலர், கையில் கேமரா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் வங்கி ஊழியர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணித் தெருக்களில் படம் எடுப்பது என் வழக்கம். சென்ற மாதம் இரண்டு இளைஞர்களைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்துக் கொண்டிருந்ததை எதிர்ச்சாரியில் நின்று எடுத்தேன். ஒரு காவலர் சாலையைக் கடந்து வந்து, “யாரைக் கேட்டு எடுக்கிறாய்? அழி” என்றார். பயந்துபோய் அழித்துவிட்டேன். எடுக்க எனக்கு உரிமை இருந்ததா? நான் என்ன செய்திருக்க வேண்டும்?
(வாசகர், சென்னை-5)

பதில்: உரிமை இருந்தது. பொதுச் சாலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கும் ஒன்றைப் படம் எடுக்க யாரிடமும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. நம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு பத்திரிகைகளுக்கென்று தனி உரிமை எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான கருத்துரிமையைத்தான் பத்திரிகையாளர்களும் பயன்படுத்துகிறார்கள். எனவே, “பிரஸ் கார்டு இருக்கிறதா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று பதில் சொல்வதில் உங்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

சிலர் 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதுண்டு. படைத்துறை வளாகங்கள் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு அது உண்மையாகவே பொருந்தும். ஆனால், காவல் நிலையம் அப்படித் தடைசெய்யப்பட்ட இடம் ஆகாது என்றும், அதற்குள் வீடியோ எடுத்தது அந்தச் சட்டத்தின்கீழ் குற்றமில்லை என்றும் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் தீர்ப்பளித்தது. வேறு மாநிலத் தீர்ப்பு என்பதால் தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்ட முடியும். காவல் நிலையத்துக்கே பொருந்தாது என்று சொல்லப்பட்ட சட்டம் அதன் வாசலுக்கு வெளியே உள்ள தெருவுக்கு எப்படிப் பொருந்தும் என்பது என் கேள்வி.

உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடிய பிரிவுகள் வேறு இருக்கின்றன. அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு; கை வைத்ததாகவோ தள்ளியதாகவோ சொல்லி 132-ஆம் பிரிவைச் சேர்த்தால் அது இரண்டு ஆண்டு வரை போகும். ஆகவே, இருபது முப்பது அடி தள்ளி நில்லுங்கள். பின்னால் போகச் சொன்னால் போங்கள். போன இடத்திலிருந்து எடுங்கள். கூட்டம் கலைய வேண்டும் என்று முறையாக அறிவித்துவிட்டால், கேமரா வைத்திருப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அப்போது பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு அவர் மாடிக்குப் போய்விடுவது நல்லது. கேள்வி வந்தால், “சார், நான் ஓரமாக நின்றுதான் எடுக்கிறேன், உங்கள் வேலைக்குக் குறுக்கே வரவில்லை” என்று சொன்னால் போதும். அதற்கு மேல் சட்டம் பேச வேண்டாம்.

தெருவில் வைத்துப் படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை எந்தப் பிரிவும் காவலருக்குத் தரவில்லை. ஒரு குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் கேமராவைக் கைப்பற்றலாம். அப்படிக் கைப்பற்றினாலும், பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவதையெல்லாம் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும், இரவு பதினொரு மணிக்கு ஆளரவமற்ற தெருவில் தனியாக நிற்கும்போது அழித்துவிட்டு வீடு திரும்புகிறவரை நான் கோழை என்று சொல்லமாட்டேன். நீங்கள் செய்தது தவறில்லை. ஆனால் அன்றிரவே இடம், நேரம், காவலரின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கலாம். கைது செய்யும் காவலர் பெயர் தெளிவாகத் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே இட்ட கட்டளை.

அழித்த படமும் பெரும்பாலும் உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு ஒன்றும் எடுக்காமல் இருந்தால், மீட்பு மென்பொருள் கொண்டு திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

கேள்வி: இப்படிப்பட்ட படங்களால் யாருக்காவது பயன் இருக்கிறதா? எந்த லென்ஸ், என்ன செட்டிங் சரியாக இருக்கும்?
(வாசகர், மதுரை)

பதில்: பயன் உண்டு. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களைக் கலைத்தபோது, காவலர்களே வாகனங்களை நொறுக்குவதுபோலவும் தீ வைப்பதுபோலவும் தெரிந்த காட்சிகளைக் கைபேசியில் பிடித்தவர்கள் சாதாரண மக்கள். அன்றைய வன்முறையை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் உயிரிழந்தபோது, மறைந்திருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த சில விநாடிக் காட்சி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் முன் வந்தது. வழக்கு சிபிஐக்குச் சென்றது. நல்ல லென்ஸோ அனுபவமோ அந்தக் காட்சிக்குத் துணை நிற்கவில்லை.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாலை, தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்த வந்த காவலர் ஒருவர் கொய்யா விற்ற அம்மாவின் தராசைப் பிடுங்கினார். பித்தளைத் தட்டின் சங்கிலி அவர் விரலில் சுற்றியிருந்தது. மறு தட்டை அந்த அம்மா விடவில்லை. 85 எம்.எம். லென்ஸில் அந்த இரண்டு கைகளையும் தராசையும் மட்டும் எடுத்தேன். கண்காட்சியில் பலர் பாராட்டினார்கள். பிறகு அந்த அம்மா புகார் கொடுக்க முன்வந்தபோது, அவருடைய வழக்கறிஞர் என் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது யார் கை? எந்தத் தெரு? என்றைக்கு?” என்று கேட்டார். மூன்றுக்கும் படத்தில் பதில் இல்லை. என் கேமராவின் கடிகாரம்கூட நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

அன்றிலிருந்து முதல் படத்தை அகலமாக எடுக்கிறேன்: கடைப் பலகை, தெருப்பெயர், பேருந்து நிறுத்தம், நிற்பவர்கள் எல்லாம் தெரியும்படி. 28 அல்லது 35 எம்.எம். இதற்குப் போதும். அதன்பிறகுதான் முகமும் கையும். ஃபிளாஷ் கூடவே கூடாது. இருட்டில் அந்த வெளிச்சம் பட்டவுடன் எல்லோருடைய கோபமும் உங்கள் பக்கம் திரும்பும். ரோந்து வாகனத்தின் சிவப்பு நீல எல்.இ.டி. விளக்குகள் எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாக விழும் என்பதால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகத்தில் வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் ஆள் தெரிவதே முக்கியம். வீடியோ என்றால் நடுவில் நிறுத்தாதீர்கள். அடி விழுந்த பத்து விநாடியை மட்டும் காட்டினால், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட.

கேள்வி: எடுத்தவுடன் முகநூலில் போட்டுவிடுவதுதானே பாதுகாப்பு? பிறகு யாரும் அழிக்க முடியாதே?
(வாசகர், கோவை)

பதில்: பிரதி எடுத்து வைப்பது பாதுகாப்பு. வெளியிடுவது வேறு செயல்.

சில ஆண்டுகளுக்கு முன் இரவு வாகனச் சோதனையில் ஓர் இளைஞனைச் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவிளக்கு அவன் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. அதை அழகு என்று நினைத்து அன்றிரவே பகிர்ந்தேன். தேடிய ஆள் அவனில்லை என்று விடிவதற்குள் அனுப்பிவிட்டார்களாம். மூன்று வாரம் கழித்து, தெரிந்தவர் மூலம் விசாரித்துக்கொண்டு அவனுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். அவர் நீட்டிய போனில் என் படம் இருந்தது. அதன்மேல் யாரோ ‘செயின் திருடன்’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். “கடையில வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க தம்பி” என்றார். என் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். சுற்றிக்கொண்டிருந்தவற்றை நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததைத் தவிர அன்று நான் ஒன்றும் செய்யவில்லை.

எனவே, பிடிபட்டவரின் முகத்தை மறைத்து, காவலர் செய்த செயல் தெரியும்படி வெளியிடுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவிலும், வழக்கில் சிக்கிய சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவிலும் குற்றம். சாட்சிகள் ஆளை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்புக்கு முன் கைதானவரின் முகம் ஊரெல்லாம் பரவினால் அந்த அணிவகுப்பே பயனற்றுப் போகவும் கூடும். மறைப்பதைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியிலிருந்து, காவலர் ஒருவர் முதியவரை லத்தியால் அடிப்பதைக் கைபேசியில் எடுத்தேன். அவர் குடும்பம் அதைக் கேட்கிறது. என் தந்தை, நமக்கு எதற்கு வம்பு என்கிறார். என்ன செய்வது?
(வாசகி, வேலூர்)

பதில்: கொடுங்கள், அம்மா. அப்பாவின் பயம் புரிகிறது. அதனால் தனியாகக் கொடுக்காமல், அந்தக் குடும்பத்தின் வழக்கறிஞர் மூலம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, மூலக் கோப்பில் உள்ள விவரங்களையும் இழந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற குறியீடும், அதில் இடம்பெறும். படிவத்தை வழக்கறிஞர் நிரப்பித் தருவார், எடுத்தவர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும். உங்களுக்கே சட்ட உதவி தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகத் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டு கடப்பதற்குள் புகார் சேர வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்திடம் இன்றே சொல்லிவிடுங்கள். கைபேசியை இப்போதைக்கு விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.