சுங்கை சிப்புட்டில் பரோட்டா: ஒரு தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, கல்யாணம் முடிந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து மூன்று மாதமாகிறது, வீட்டில் பரோட்டா போட்டால் அப்பளமாக முறுகுகிறது, ஊரில் கிடைக்கிற மாதிரி மெத்தென்று ஏடு ஏடாக வர எந்த மாவு வாங்குவது என்று கேட்டிருந்தாய். கூடவே வாடகை எவ்வளவு, வெயில் எப்படி, நாலு பேருக்குப் போட்டு விற்கலாமா என்றும். வாடகையை உன் வீட்டுக்காரரிடம் கேள். வெயில் நம் ஊரை விடக் குறைவு, புழுக்கம் அதிகம், பழகிவிடும். விற்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 2001இல் இதே ஊருக்கு மருமகளாக வந்தவள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா தின்று வளர்ந்த திமிரில், வந்த முதல் வாரமே புகுந்த வீட்டுக்கு நம் கைவரிசையைக் காட்டலாம் என்று மளிகைக் கடைக்குப் போனேன். மைதா என்று கேட்டால் யாருக்கும் புரியவில்லை. மலாயும் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. 'தெபுங்' என்றால் மாவு என்று மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டு, கைக்கு வந்த பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டேன். அது 'தெபுங் நாயிக் செண்டிரி'. தானாக உப்பும் மாவு, சோடா வகையறா ஏற்கெனவே கலந்தது. இழுத்தால் கிழிந்தது, கல்லில் போட்டால் பன் மாதிரி வீங்கியது. கணவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார், அதுதான் அழுகையை வரவைத்தது.

மிச்ச மாவைக் குப்பையில் போடப் போனேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (பாலெடுக்க மரத்தைக் கீறும் வேலை), பிடி அப்படி. "ஜப்பான்காரன் இந்த நாட்டப் புடிச்சு ஆண்ட காலத்துல எங்கம்மா மரவள்ளிக்கிழங்கத் தின்னு உசிர வச்சிருந்தாங்க, நீ மாவக் கொட்டுறியா?" அந்த மாவையே கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் பொரித்துச் சீனியில் புரட்டிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே பொட்டலத்தைப் படித்து வாங்கு. 'தெபுங் கண்டும்' என்று மட்டும் போட்டிருந்தால் அதுதான் நம் மைதா. 'தெபுங் ஆட்டா' சப்பாத்திக்கு. 'தெபுங் பெராஸ்' அரிசி மாவு. 'நாயிக் செண்டிரி' பக்கமே போகாதே.

அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சூசு (டின்னில் வரும் இனிப்புப் பாலை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஒரு மேசைக்கரண்டி மார்ஜரின். நெய்யும் போடலாம். தண்ணீர் சுமார் 280 மில்லி. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதே, மழைநாளில் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். பத்து நிமிடம் பிசை, கால் மணி நேரம் மூடி வை, மறுபடி ஐந்து நிமிடம் பிசை. எட்டு ஒன்பது உருண்டை வரும். ஒவ்வொன்றையும் மார்ஜரினில் குளிப்பாட்டிப் பாத்திரத்தில் அடுக்கி மூடிவிடு.

உனக்கு அப்பளமானதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கும். அரை மணி நேரத்தில் எடுத்திருப்பாய். எதிர்வீட்டு மாமா பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒட்டுக்கடை (சின்னக் கடை) போட்டவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். ஒரு விரலை உருண்டையில் அழுத்திக் காட்டினார். குழி மேலே எழும்பி வந்தது. "இன்னும் முழிச்சிருக்கு, போ." சாயங்காலம் மறுபடி அழுத்தினார், குழி அப்படியே நின்றது. "தூங்கிருச்சு. இப்ப எடு." பிசையும்போது மாவிலிருக்கும் குளூட்டன் ரப்பர் மாதிரி விறைத்துக்கொள்ளும், அது தளர நேரம் கொடுக்கவேண்டும். நாலு மணி நேரமாவது வை. ராத்திரி பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், காலையில் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடு.

வீசத் தெரியவில்லையே என்று கவலைப்படாதே. எனக்கு இன்றைக்கும் வீச வராது. எண்ணெய் தடவிய மேசையில் உள்ளங்கையால் பரப்பி, ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே இழு, அடியிலுள்ள மேசை தெரிகிற அளவுக்கு. இரண்டு மூன்று ஓட்டை விழுந்தால் பாதகமில்லை. மேலே இன்னும் கொஞ்சம் மார்ஜரின் தெளித்து, புடவைக் கொசுவம் மாதிரி மடித்துச் சுருட்டி வை. ஏடு ஏடாகப் பிரிவது அந்தக் கொழுப்பால்தான். கஞ்சத்தனம் பண்ணினால் சப்பாத்திதான் வரும்.

இரண்டாவது காரணம் நெருப்பு. பயந்துகொண்டு சிறு தீயில் சுடுவோம், ஈரமெல்லாம் வற்றி முறுகிவிடும். கல் நன்றாகக் காயட்டும். அரை விரல் கனத்துக்குத் தட்டி, திருப்பித் திருப்பி மூன்று நிமிடத்துக்குள் எடு. கரண்டியால் அமுக்காதே. நாலைந்தைச் சூட்டோடு அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் 'டப் டப்' என்று அடி. கை சுடும். சுடட்டும்.

சால்னாவுக்குக் கசகசா வேண்டுமென்றால் இங்கேயே மளிகைக் கடையில் வாங்கிக்கொள். ஊரிலிருந்து வரும் அம்மாவைக் கொண்டுவரச் சொல்லாதே, முக்கியமாகச் சிங்கப்பூர் வழியாக வந்தால். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கோலாலம்பூரில் பதினெட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் பரோட்டாவா, சால்னா எங்கே" என்று புலம்புகிற நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இங்குள்ளவர்கள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிப்பதும் அவர்கள்தான். அந்தக் கூட்டத்தில் சேராதே. இங்குள்ள கடைகளில் போடும் ரொட்டி சானாய் வேறு, நம் பரோட்டா வேறு. பருப்புக் கறியை மேலே ஊற்றி 'பாஞ்சிர்' (மலாயில் வெள்ளம்) என்று கேட்டு வாங்கித் தின்று பார், அப்புறம் பேசு. நானும் வந்த புதிதில், "என்ன தண்ணி கலக்கட்டும்?" என்று மாமியார் கேட்டபோது அரண்டு போனவள்தான். நம் ஊரில் தண்ணி என்றால் வேறு அர்த்தமாயிற்றே. இங்கே அது தேநீரோ காப்பியோ, அவ்வளவுதான்.

சரி, விற்பது. உன் கணவர் பெயரில் வாங்கிய நீண்டகால வருகை அனுமதியில் வேலை செய்ய முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார். இல்லாவிட்டால் குடிநுழைவுத் துறையில் கேட்டு வாங்கிய பிறகுதான் அடுப்பு. நூறு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கொடுத்தால் நான் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். எனக்கும் வந்தார். காசும் போய், இரண்டு மாதம் வாசலில் வண்டி நின்றாலே பிடிக்க வந்துவிட்டார்களோ என்று படுக்கையறைக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதே.

மாமியார் போய் ஆறு வருடமாகிறது. கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது, முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் நான் பரோட்டாவை அடிக்கும் சத்தம் கேட்டதும் நாற்காலி நகரும், சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருவார், தண்ணி கலக்க.