பெட்ரோல் மோட்டார்ஹோமா, டீசலா?

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறோம். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஒரு பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு உள்ள வீட்டு வண்டி) வாங்க ஆசை. 30 அடி நீளம் போதும். பின்னால் ஒரு சின்னக் காரை இழுத்துப் போவோம். வருஷத்துக்கு இரண்டு மூன்று பயணம்தான், மற்ற மாதங்களில் வண்டி சும்மாதான் நிற்கும். தெரிந்தவர்கள் எல்லாரும் "டீசல்தான் காலத்துக்கும் உழைக்கும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: பெட்ரோல் வண்டியே வாங்குங்கள், அம்மா. "சும்மாதான் நிற்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும் எனக்கு. டீசல் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை, ஆனால் அது தினமும் ஓடுகிற வண்டிக்கு. என் பணிமனைக்கு எஞ்சின் தேய்ந்து வந்த மோட்டார்ஹோம் அபூர்வம். கூரை ஒழுகி, டயர் வெடித்து, பேட்டரி செத்து, நின்ற இடத்திலேயே கெட்டுப்போய் வந்தவைதான் அதிகம்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய மோட்டார்ஹோமில் எரிபொருளை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அதோடு முழு சேசிஸும் (எஞ்சின், சக்கரங்களோடு கூடிய அடிச்சட்டம்) மாறிவிடும். பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் கட்டப்பட்டவை. எஞ்சின் முன்னால், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மூடிக்கு அடியில் இருக்கும். டீசலில் எஞ்சின் பின்னால், படுக்கைக்கு அடியில் இருக்கும். அதோடு ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன், ஆலிசன் நிறுவனத்தின் கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து வரும். ஓட்டும்போது முன்னால் சத்தமே இருக்காது, மேடுபள்ளமும் அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இந்தச் சொகுசுக்குத்தான். அது வீண் என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க ஓட்டுபவருக்கு உடம்பு வலிக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

மலைக்கு வருவோம், எல்லாரும் பயப்படுவது அதற்குத்தானே. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதச் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். டர்போ இருப்பதால் டீசலுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ஆனால் இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? லாரிகளோடு வலது ஓரத்தில் மெதுவாக ஏறுவீர்கள், அவ்வளவுதான்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். டீசல் எஞ்சின் தானாக வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. அதனால்தான் அதில் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதை மறித்து வண்டியின் வேகத்தை அடக்கும் கருவி) வைக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் வண்டி அடங்கி இறங்கும், அது நிஜமாகவே அருமையான வசதி. பெட்ரோல் வண்டியில் அந்த வேலையைக் கியர்தான் செய்ய வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, 'டோ-ஹால்' பொத்தானை (சுமையோடு போகும்போது கியரை அதற்கேற்ப மாற்றுவது) அழுத்துங்கள். பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் கியர் கீழே இறங்கும், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் போய் அலறும். புதிதாக ஓட்டுபவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பொத்தானை அணைத்துவிட்டு, பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குவார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்போதுதான். தயவுசெய்து உங்கள் கணவரும் நீங்களும் இதை ஒரு சின்ன மலையில் பழகிப் பாருங்கள். எஞ்சின் அலறினால் அலறட்டும்.

மைலேஜ் கணக்கு சுருக்கமாக: வருஷத்துக்கு 5,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல், டீசல் 10 மைல் கொடுத்தால் மிச்சம் 125 கேலன். டீசல் பெரும்பாலும் விலை கூடுதலாக இருப்பதால் அந்த மிச்சமும் கரையும். எஞ்சின் ஆயில் மாற்றும் செலவும் பெரிய டீசலுக்கு இரண்டு மூன்று மடங்கு வரும். 2010க்குப் பிந்தைய டீசல்களுக்குப் புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் வேறு ஊற்ற வேண்டும். அது வெயிலில் நாள்பட நின்றால் கெடும். அந்த அமைப்பில் கோளாறு வந்தால் எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

வருஷம் முழுக்க வண்டியிலேயே வாழப் போகிறீர்கள், 38, 40 அடி வேண்டும், கனமான வண்டியை இழுக்க வேண்டும் என்றால் நானே டீசலைத்தான் சொல்லியிருப்பேன். பெட்ரோல் வண்டிகளின் இழுவைக் கொக்கி பொதுவாக 5,000 பவுண்டு வரைதான். உங்கள் சின்னக் காருக்கு அது தாராளம். காருக்குத் தனியாக ஒரு பிரேக் கருவி மட்டும் பொருத்திவிடுங்கள்.

அப்புறம், வண்டி பார்க்கப் போகும்போது கதவோரம் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும்: 70 கேலன் நிரப்பினால் கிட்டத்தட்ட 580 பவுண்டு போய்விடும். பெட்ரோல் வண்டிகளில் இடம் இருக்கும், எடைக்கு வழி இருக்காது. பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் ஆறு டயரையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.