கால்வாயின் வேகம்

அன்புள்ள ஐயா,

தென் பிரான்சின் மிதி கால்வாயில் நண்பர்களுடன் படகில் சென்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கஸ்தெல்னோதரியிலிருந்து கர்கசோன் வரை 40 கிலோமீட்டர்; காரில் முக்கால் மணி நேரம் போதும். அதற்கு நாள்கணக்கில் செலவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விடுமுறையில் நான்கு நகரங்களைப் பார்த்திருக்கலாமே? மேலும், சிறிய படகில் நண்பர்கள் சேர்ந்தே அடைந்து கிடந்தால் மனக்கசப்பு வராதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கணக்கு சரியானதுதான். அங்கே படகுகளுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். கரைப்பாதையில் சைக்கிளில் வருபவர்கள் எங்களை எளிதாகக் கடந்து சென்றார்கள். ஆனால் நாங்கள் பார்க்க விரும்பியது அந்தக் கால்வாயைத்தான். காரில் செல்பவருக்கு அது மரங்களின் நடுவே அவ்வப்போது தென்பட்டு மறையும் ஒரு நீர்க்கோடு. அது எப்படி இயங்குகிறது என்பது படகில் அமர்ந்து, படகை ஏற்றி இறக்கும் மதகுகளில் காத்திருந்து சென்றால்தான் விளங்கும்.

அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் ஒரு கால்வாயால் இணைத்துவிட்டால், ஸ்பெயினைச் சுற்றிச் செல்லும் நீண்ட கடல்வழியைத் தவிர்க்கலாம் என்ற எண்ணம் பிரெஞ்சு அரசர்களுக்கு நெடுங்காலமாகவே இருந்தது. தோண்டுவதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். இரு கடல்களுக்கும் இடையே நொரூஸ் என்னும் மேட்டைக் கடந்தாக வேண்டும்; மேட்டின் உச்சியில் எப்போதும் நீர் இருந்தால்தான் இரு பக்கமும் படகுகள் இறங்க முடியும். இதற்கு வழி கண்டவர் பியேர்-போல் ரிக்கே. அவர் பொறியியல் பயின்றவர் அல்லர், உப்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்தவர். மொந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, சேன் ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, அந்த நீரை நொரூஸுக்குக் கொண்டு சேர்த்தார். பதினான்காம் லூயியின் ஆணையுடன் 1666இல் தொடங்கிய பணி 1681இல் நிறைவடைந்தது. தம் செல்வத்தின் பெரும் பகுதியை அதில் இட்ட ரிக்கே, திறப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 1680இல் இறந்துபோனார். கரோன் ஆறு வழியே அட்லாண்டிக்கோடு இணையும் துலூஸிலிருந்து, மத்தியதரைக் கடலோரத்துத் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளும் அந்தக் கால்வாய்க்கு மலைநீர் இன்றும் அவர் வகுத்த வழியிலேயே வருகிறது.

நீங்கள் வீண் என்று எண்ணும் காத்திருப்புக்கும் இந்த நீர்தான் காரணம். மதகு என்பது இரு முனைகளிலும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி; அதற்குள் படகு நுழைகிறது. கதவு மூடப்பட்டு, உள்ளே இருக்கும் நீர் வடிக்கப்பட, படகு கீழ்மட்டத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டி நிறைய மலைநீர் கீழே போய்விடுகிறது. ஆகவே மூன்று நான்கு படகுகள் சேரட்டும் என்று மதகுக் காவலர் காத்திருப்பது, 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு சிக்கனத்தின் தொடர்ச்சி. உள்ளே நிற்கும்போது சுவரைப் பாருங்கள். அது நேராக இராமல், நடுப்பகுதி அகன்ற நீள்வட்டமாக வளைந்திருக்கும். தொடக்கத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய தொட்டி ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் இடிந்துவிட்டதால், படுக்க வைத்த வளைவைப் போல அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி வடிவத்தை மாற்றினார்கள். வழவழப்பான அந்த ஈரக் கல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தபடி இறங்குவதற்கு ஈடாக எந்த நகரத்தையும் நான் சொல்லமாட்டேன்.

நண்பர்களைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இந்த மதகுகளே பதில். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, ஒருவர் கரையில் இறங்கி நிற்க, முன்னும் பின்னும் இருவர் கயிற்றைக் கவனிக்க வேண்டும். கயிற்றைக் கரையிலுள்ள இரும்பு முளையில் ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்திருக்க வேண்டுமே தவிர, முடிச்சுப் போடக் கூடாது. போட்டால், நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிவிடும். முதல் மதகில் எல்லோரும் எல்லோருக்கும் கட்டளையிட்டோம். கஸ்தெல்னோதரியை விட்டுப் புறப்படும் இடத்தில் சேன் ரோக்கின் நான்கு அடுக்குத் தொட்டிகளில் அடுத்தடுத்து இறங்கியபோதே, சுக்கான் பிடித்தவர் சொல்வதை மட்டும் கேட்பது என்றாகிவிட்டது. மனக்கசப்பு வேலை இல்லாத இடத்தில்தான் வளரும்; இங்கே அரை மணிக்கு ஒரு வேலை வந்துகொண்டே இருக்கும். பேச்சு மட்டுமே வேண்டும் என்றால் அதற்கும் இடமுண்டு: பெசியே அருகிலுள்ள ஃபோன்செரான் படிமதகுகளுக்கு முன்பாக, ஒரு மதகுகூட இல்லாமல் 54 கிலோமீட்டர் நீர் சமமாகக் கிடக்கிறது.

போவதானால் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். கரையின் இருபுறமும் இருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்துவருகிறது. 2006இல் கால்வாயில் அது கண்டறியப்பட்டது முதல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்துவிட்டு, வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள். பட்டையில் படும் காயம் வழியாக அந்த நோய் பரவுவதால் மரத்தில் படகைக் கட்டக் கூடாது. அதற்கென உள்ள ஆணிகளைக் கரையில் அடித்துக் கட்டுங்கள். படகோட்ட உரிமம் தேவையில்லை, வாடகைக்குத் தருபவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். கோடையில் கூட்டமும் வெயிலும் அதிகம். மே அல்லது செப்டம்பர் ஏற்றது. கஸ்தெல்னோதரியில் படகேறுமுன் அரை நாள் ஒதுக்கி, சேன் ஃபெரியோல் அணையைப் பார்த்துவிடுங்கள். அங்கே செல்வதற்குக் கார்தான் வசதி.