ஒரு வருட விடுப்பில் என்ன செய்வது?

கேள்வி: நான் கல்லூரிப் பேராசிரியர். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வருட சபாட்டிக்கல் விடுப்பு, அதாவது பாடம் நடத்தாமல் ஆய்வுக்கும் எழுத்துக்கும் தரும் நீண்ட விடுப்பு, கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் புத்தகம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் எனக்கு முதலில் வேண்டியது ஓய்வும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க நேரமும்தான். இது தப்பா?

பதில்: தப்பே இல்லை. ஏழாவது வருடம் விதைக்காமல் நிலத்தைச் சும்மா விட வேண்டும் என்று பைபிளின் லேவியராகமத்தில் வரும் கட்டளைதான் இந்த விடுப்புக்கு மூலம், 1880-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதைக் கொண்டுவந்தபோதும் அதே ஏழு வருடக் கணக்குதான். அதனால் ஓய்வு கேட்கக் கூச்சப்படாதீர்கள். புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதை எழுதத்தான் வேண்டும், திரும்பி வந்ததும் பெரும்பாலும் அறிக்கை கேட்பார்கள். ஆனால் முதல் இரண்டு மாதம் அதைத் தொடவே தொடாதீர்கள். விடைத்தாளும் கமிட்டியும் கூட்டமுமாக ஓடிய மனசு, விடுப்பு ஆணை கையில் வந்த அன்றே அடங்கிவிடாது.

ஓய்வைக் கெடுப்பது பெரிய வேலைகள் இல்லை, "ஒரே ஒரு சிபாரிசுக் கடிதம் சார்", "ஒரு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) மட்டும் வந்துவிட்டுப் போங்கள்" என்று வரும் சின்னச் சின்ன வேலைகள்தான். ஒன்றுக்குச் சரி என்றால் அடுத்தது வரும். மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் வைத்து, அவசரத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வு மாணவர்களை மட்டும் அம்போவென்று விட்டுவிடாதீர்கள், உங்கள் விடுப்புக்காக அவர்கள் ஆய்வு நிற்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி: சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமே?

பதில்: அப்படியானால் வேறு துறைக்குள் போய்ப் பாருங்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959-60 விடுப்பில், தான் பேராசிரியராக இருந்த அதே கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நிறுவனத்தின் உயிரியல் ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களோடு உட்கார்ந்திருந்தார். பெயர்பெற்ற பேராசிரியர் புதிதாகக் கற்கும் மாணவராக இருந்த வருடம் அது. எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் கொஞ்ச நாள் இல்லாமல் போவதே எவ்வளவு பெரிய ஆறுதல்!

கேள்வி: இந்த ஒரு வருடம் பாதிச் சம்பளத்தோடுதான், முழுச் சம்பளம் வேண்டும் என்றால் ஒரு செமஸ்டர்தான். எதை எடுக்கலாம்?

பதில்: வீட்டுச் செலவு தாங்கும் என்றால் ஒரு வருடம். ஒரு செமஸ்டர் என்றால், மனசு அடங்கிக் கொஞ்சம் யோசிக்க ஆரம்பிக்கும்போதே அடுத்த பருவத்துப் பாடக் குறிப்பைத் தயார் செய்ய வேண்டிவரும்.