பாறுக் கழுகுகளும் மாட்டு மருந்தும்: கேள்வி பதில்

கேள்வி: செத்ததைத் தின்னும் பறவை இல்லாமற்போனால் என்ன குறை? நாயும் காகமும் அந்த வேலையைச் செய்யாவா?

பதில்: செய்யும், ஆனால் அரைகுறையாக. பாறுகள் கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டின் உடல் சிறிது நேரத்திலேயே வெறும் எலும்பாகிவிடும். அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது என்பதால், அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. நாய்களோ சடலத்தைப் பல நாள் இழுத்துச் சிதறடிக்கும். அந்த உணவால் நாய்கள் பெருகினால் வெறிநோய் அச்சமும் கூடவே வரும். காகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மாட்டுத் தோலைக் கிழிக்கும் வலு அதற்கு இல்லை.

கேள்வி: மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி ஊசி பறவையை எப்படிக் கொல்லும்?

பதில்: டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்தால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளைப் படிவமாகப் படிய, அது சில நாள்களில் இறந்துபோகிறது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை உறுதிசெய்தது. ஒரே சடலத்தைப் பல பறவைகள் பகிர்ந்து தின்பதால், நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலே பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992 முதல் 2007 வரை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

கேள்வி: மருந்தைத் தடை செய்துவிட்டார்களே?

பதில்: கால்நடைகளுக்கு 2006இல் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போடும் வழக்கம் நீடித்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். பாறுகளைக் கொல்லும் வேறு வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் போட 2023இல்தான் தடை வந்தது. என் கருத்தில் இது மிகத் தாமதம்.

கேள்வி: தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் எப்படித் தப்பின?

பதில்: புலியும் செந்நாயும் கொன்று விட்டுச்சென்ற மானிலும் காட்டெருமையிலும் ஊசி மருந்து இருக்காது என்பது முக்கியமான காரணம். கூடு கட்ட ஆற்றோரத்து நீர்மருது மரங்கள் அங்கே உயர்ந்து நிற்கின்றன. அந்த மரங்கள் ஆற்று ஈரத்தை நம்பியிருக்கின்றன. ஆகவே புலி, மான், ஆறு, மரம் ஆகிய நான்கையும் விட்டுவிட்டுப் பாறுகளை மட்டும் காப்பாற்ற இயலாது.

கேள்வி: காட்டோரத்தில் மாடு வளர்க்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியைக் கேளுங்கள், அது பாறுகளுக்குத் தீங்கற்றது. புலி அடித்த மாட்டின்மேல் ஆத்திரத்தில் நஞ்சு தடவாதீர்கள்.