இளைத்தால் கொழுப்புச் செல்கள் மறைந்துவிடுமா?

மறையா, சுருங்கும். பத்து வயது மகன் பிற்பாடு இளைத்தால் இப்போது சேர்ந்த கொழுப்புச் செல்கள் அழியுமா என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவற்றின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்வயதிலுமே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது என்றும், பெரியவர்களிடம் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு செல்கள் இறந்தாலும் அதே அளவு புதியவை பிறப்பதால் மொத்தம் மாறுவதில்லை என்றும் 2008-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் சுருங்குவதே பெரிய நன்மை. அளவுக்கு மீறிப் பருத்த செல்களிலிருந்து கசியும் கொழுப்புதான் கல்லீரலிலும் தசையிலும் படிந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது.

மகனின் கழுத்தில் தேய்த்தும் போகாத 'அழுக்கு', இன்சுலினின் வேலை இப்படிக் கெட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதை நிறுத்துங்கள். காலரை விலக்கிப் பாருங்கள்: தோல் மடிப்பு கறுத்து, தடித்து, வெல்வெட் போலிருந்து, அக்குளிலும் அப்படியே இருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அளக்கவும், நம் குளிரில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பட்டினி மட்டும் போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக்கூட விகிதம் சரியாகும். மாலையில் நான்கு வர்க்கி இரண்டாகட்டும். எடை ஏறியும் உயரம் வளராமல் நின்றிருந்தால், காரணம் ஹார்மோன் குறையாக இருக்கக்கூடும் என்பதால், அதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.