போஸ்டரில் இல்லாத காட்சி

கேள்வி: என் தம்பிக்கு இருபது வயது. ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தில் போதைப்பொருள் கடத்தல்காரனாக வரும் டோனி மொன்டானாவின் போஸ்டரை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். பேராசையால் அழிந்துபோனவனின் கதைதானே அது? எச்சரிக்கையாகக் காட்டியவனை ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? போஸ்டரைக் கழற்றச் சொல்லட்டுமா?

பதில்: கழற்றச் சொல்ல வேண்டாம், சொன்னால் இன்னொன்று வாங்கி ஒட்டுவான். 1983இல் வந்த அந்தப் படத்தின் கடைசியில் டோனி முதுகில் சுடப்பட்டு, ‘உலகம் உன்னுடையது’ என்று எழுதிய உருண்டைக்குக் கீழே தண்ணீரில் குப்புற விழுந்து கிடக்கிறான். அந்தக் கோலத்தை யாராவது சுவரில் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தில் அந்தச் சாவு ஒரு சில நொடிதான். மீதி நேரமெல்லாம் அல் பசினோ என்ற பெரிய நடிகர் நம் கண் முன்னால் நடக்கிறார், முறைக்கிறார், ஒருவனுக்கும் பணியாமல் பேசுகிறார். அகதியாக வந்து பாத்திரம் கழுவுகிறவன், அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற இடத்திலேயே பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஏனென்றால் நாள் முழுக்க யாரோ ஒருவருக்குத் தலையாட்டிவிட்டு, சொல்ல நினைத்த பதிலை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம், அந்தப் பதிலைத் திரையில் ஒருத்தன் நமக்காகச் சொல்லிவிடுகிறான். உங்கள் தம்பிக்குப் பிடித்திருப்பது போதைப்பொருள் வியாபாரம் இல்லை, அந்தப் பணியாமைதான் என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று கேட்டுப் பாருங்கள். மேனி யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று. டோனியோடு ஒன்றாகக் கிளம்பி வந்த நண்பன் அவன். தன் தங்கை ஜீனாவோடு மேனி இருப்பதைப் பார்த்ததும் டோனி யோசிக்காமல் அவனைச் சுட்டுவிடுகிறான். நேற்றுத்தான் கல்யாணம் செய்துகொண்டோம், உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்று அவள் கதறுகிறாள். தம்பியோடு உட்கார்ந்து அந்த ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: கெட்டவனுக்குக் கடைசியில் சரியான தண்டனை கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1932இல் வந்த பழைய ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்குத் தணிக்கை நெருக்கடியால் ‘தேசத்தின் அவமானம்’ என்று துணைத்தலைப்பே சேர்த்தார்கள், ஆரம்பத்தில் எச்சரிக்கை வாசகமும் போட்டார்கள். ரவுடிப் படங்களின் கவர்ச்சி அதனால் குறையவில்லை. 1987இல் வந்த ‘வால் ஸ்ட்ரீட்’ படத்தில் பேராசையின் உருவமாக கார்டன் கெக்கோ என்ற பங்குச் சந்தை முதலாளியை நிறுத்தினார்கள். அந்த வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கிய மைக்கேல் டக்ளஸ், உங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று எத்தனையோ பேர் தன்னிடம் வந்து சொல்வதாகப் பேட்டிகளில் வருத்தப்பட்டிருக்கிறார். நல்ல சட்டை, நல்ல வசனம், கூர்மையான மூளை எல்லாவற்றையும் ஒருத்தனுக்கே கொடுத்துவிட்டு, அவனைப் பார்க்காதே என்றால் எப்படி?

கேள்வி: ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் வால்டர் ஒயிட்டைவிட அவன் மனைவி ஸ்கைலர் மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது. என்னிடம் ஏதோ கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, எனக்கும் வந்தது. ஸ்கைலராக நடித்த அன்னா கன் இந்த வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார், ஏனென்றால் அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டி அவர் மேலேயே பாய ஆரம்பித்திருந்தது. வால்டர் வீட்டுக்குத் தெரியாமல் போதைப்பொருள் தயாரிக்கிற பள்ளி ஆசிரியன். அந்த ரகசியம் முதல் நாளிலிருந்தே நமக்குத் தெரியும், அதனால் நாமும் அவனுக்குக் கூட்டாளி ஆகிவிடுகிறோம். எங்கே போயிருந்தாய் என்று மனைவி கேட்டால் நாமே மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

எனக்கு அந்தக் கூட்டு கலைந்தது இரண்டாவது சீசனில், வால்டரோடு சேர்ந்து தொழில் செய்கிறவனின் காதலி ஜேன் மயக்கத்தில் வாந்தி அடைத்துத் திணறும்போது. அவளைப் புரட்டிவிட வால்டர் ஓடி வருகிறான், அப்புறம் நின்றுவிடுகிறான். நிற்பது மட்டும்தான், கண்ணில் தண்ணீர்கூட வருகிறது. அவ்வளவு நேரமும் நான் அவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஸ்கைலர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் இந்த முறை நியாயமாகவே பட்டது.